சாக்குக்குள் சாக்கு

ஐம்பது கொட்டைகளை நீளவாக்கில் பிளந்து வெள்ளைத் தட்டில் பரப்பியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகப் புளிக்கவைத்து உலர்த்திய கொக்கோக் கொட்டை உள்ளே மரப்பட்டை நிறத்தில் வெடித்திருக்கும். இவை ஈயம்போல் சாம்பல் பூத்து இறுகிக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தாள். புகை. விறகு மூட்டி அவசர அவசரமாகக் காயவைத்த புகை. கொட்டை அனுப்பும் அந்த வெளிநாட்டுத் தோட்டத்தில் விறகே எரிப்பதில்லை என்பது அவளுக்கு மனப்பாடம். சாக்லேட் உறையின் பின்பக்கத்து வாசகத்தை எழுதியதே அவள்தான். வெயிலில் உலர்த்தியது, காட்டை அழிக்காதது, எந்தக் குழந்தையின் உழைப்பும் இல்லாதது. அதற்கு மேலே, தோட்டத்துக்குச் சொந்தக்காரியான தோட்டக்காரம்மாவின் சிரித்த முகம்.

அக்காள் கணவர் நடத்தும் சாக்லேட் பட்டறையில் பதினோரு வருஷமாக ருசி பார்ப்பது அவள் வேலை. அங்கே அவளுக்கு 'நாக்கு' என்றே பெயர். நாக்கு சரி என்றால்தான் வறுக்கும் இயந்திரம் சுழலும். நாக்கு முகம் சுளித்தால் மூட்டை வந்த வழியே திரும்பும், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. "எல்லாருக்கும் நாக்குல சனின்னா இவளுக்கு நாக்குல சர்டிஃபிகேட்" என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"இது அவங்க கொட்டை இல்ல அத்தான்."

மற்ற நாளாயிருந்தால் அவரே ஒன்றை வாயில் போட்டு மென்றிருப்பார். இன்று தட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அங்க மழை ஜாஸ்தியாம். வறுக்கறப்ப ரெண்டு நிமிஷம் கூட்டிக்கோ."

"புகையை வறுத்து எடுக்க முடியாது."

"கூட்டிக்கோன்னு சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கிடங்குக்குப் பின்னால் போய் நின்று தோட்டக்காரம்மாவுக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு அறுவடைக்கும் பேசிக்கொள்கிறவர்கள்தான். இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூன்றாம் மொழியில் தப்பும் தவறுமாகப் பேசி, பாதிக்கு மேல் சிரித்தே சமாளிப்பார்கள். இன்று எடுத்தது ஓர் ஆண் குரல். அதே மொழி, ஆனால் ஒரு தப்புகூட இல்லை.

"அந்தம்மா இங்க இல்ல."

"எப்ப வருவாங்க?"

"மூட்டை வந்து சேர்ந்திச்சா?"

"சேர்ந்திச்சு. ஆனா..."

"அப்புறம் எதுக்குப் போன்?"

அவன் உடனே துண்டிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் டக், டக் என்று கத்தியால் காய் பிளக்கும் சத்தம். பக்கத்திலேயே யாரோ இருமினார்கள். சின்ன இருமல், ஆறேழு வயதுக்கு மேல் இருக்காது. பிறகு இணைப்பு அறுந்தது. நீ யார், எங்கிருந்து பேசுகிறாய் என்று அவன் கேட்கவே இல்லை என்பது போனைக் கீழே இறக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கிடங்குக்குள் போனாள். மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் முத்திரை, மை காய்ந்து ஒரு வாரம்கூட ஆகாத மாதிரி பளிச்சென்று இருந்தது. முன்னால் இருந்ததன் தையலைப் பிரித்துக் கையை விட்டாள். விரலில் தட்டுப்பட்டது கொட்டை அல்ல, இன்னொரு சாக்கு. பழையது, பிசுக்கேறியது. அதன்மேல் இருந்த எழுத்துகளைக் கரி பூசி மறைத்திருந்தார்கள். அடுத்த மூட்டையைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும். மூன்றிலும் சாக்குக்குள் சாக்கு.

"அங்க போன் பண்ணியாமே."

அத்தான் கிடங்கு வாசலில் நின்றார். அவள் பேசி முடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"அந்தம்மா எங்க அத்தான்?"

"தெரியாது. கேக்காதன்னாங்க. நானும் கேக்கல." கையிலிருந்த தாளை நீட்டினார். அவள் எழுத வேண்டிய ருசிப் பதிவு. 'வழக்கம்போல' என்று அவரே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். "நாளைக்குச் சான்றிதழ் குடுக்கறவங்க வர்றாங்க. போட்டுடு. இந்த மூட்டைய அனுப்பறவன் போன்ல நம்ம வீட்டு விலாசத்தை வரி தவறாம சொல்றான். மாடியில எந்த ஜன்னல்ல லைட் எரியுதுன்னு சொல்றான்." மிரட்டுகிற குரல் இல்லை அது. மிரண்ட குரல். "அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏய், கொஞ்சம் இங்க வா" என்று முன்பக்கத்துக் கடையிலிருந்து அக்காள் கூப்பிட்டாள்.

கண்ணாடி அலமாரி முன்னால் ஒரு பள்ளி ஆசிரியை நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உறையின் சின்ன எழுத்துகளைக் கண்ணருகே வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த மாசம் நூத்தி இருபது பிள்ளைங்களுக்குக் குடுக்கணும். ஆறு கடை ஏறி இறங்கிட்டேன். அட்டையில எல்லாருந்தான் எழுதறாங்க. பிள்ளைங்களுக்குக் குடுக்கறது இன்னொரு பிள்ளை ஒடைச்சதா இருக்கக் கூடாதில்ல?"

"ருசி பாக்கறவளே இவதான். என்னை நம்ப வேண்டாம், இவளைக் கேளுங்க" என்றாள் அக்காள். அவள் முகத்தில் எப்போதும்போல அதே பெருமை.

அலமாரியில் இருந்தது போன அறுவடை. ஆமாம் என்று சொன்னால் பொய்யில்லை. ஒரு தலையாட்டலோடு போய்விடும். ஆசிரியை அடுத்த மாசம் வரும்போது அவள் உள்ளேயே இருந்துகொள்ளலாம். நாக்கின் அடியில் புகை இன்னும் கரையாமல் இருந்தது.

"இங்க இருக்கறது இந்த அட்டையில இருக்கற அம்மாவோட தோட்டத்துதான்" என்றாள். "வேணும்னா இன்னைக்கே எடுத்துக்கோங்க. அடுத்த மாசம் வாங்காதீங்க."

அக்காளின் சிரிப்பு உதட்டோடு நின்றுபோனது. "என்னடி பேசற?"

ஆசிரியை உறையிலிருந்த முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"தெரியல."

ஆசிரியை சாக்லேட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அக்காள் தங்கையைப் பார்த்தாள், பிறகு உள்கதவைப் பார்த்தாள். அங்கே அத்தான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. இருவரையும் கடந்துபோய், கொக்கிக்கம்பியை எடுத்து, உச்சிவெயில் கொளுத்தும் நேரத்தில் ஷட்டரை இழுத்து இறக்க ஆரம்பித்தார். தரையில் கிடந்த வெளிச்சம் சுருங்கிக்கொண்டே வந்தது. முழங்கால் உயரத்தில் அவர் கை சட்டென்று நின்றது.

அந்த இடைவெளியில், வாசல் வெயிலில், ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றிருந்தது. கடை உண்டா என்று கேட்கவில்லை. நகரவுமில்லை.