பயற்றில் உப்பு இல்லை

1
ஒரு கேள்வியில் பிறந்த கதை இது. மெதெயின் நகரத்திலிருந்து எங்கள் மலைக்கு வந்த டாக்டரம்மா, குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, யாருக்கு எப்போது மறதி ஆரம்பித்தது என்று கேட்டார். எங்கள் வம்சத்தில் கோளாறான மரபணு ஒன்று ஓடுகிறது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையாதான். அந்த மரபணு விழுந்தவர்களுக்கு நாற்பத்தைந்து வயதை ஒட்டி மறதி தொடங்கும். அம்மாவுக்கு இருந்தது. எனக்கும், என்னோடு இரட்டையாகப் பிறந்த தம்பி கில்தார்தோவுக்கும் இப்போது நாற்பத்தைந்து. ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொல்வதில்லை, கேட்கும் தைரியம் எங்களுக்கும் இல்லை.

பெண்களுக்கு முந்துகிறதா, ஆண்களுக்கா என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

2
(முதலில் எழுதிய தொடக்கம்: "ஆண்டீஸ் மலைமேல் பனி இறங்கும் வேளையில், எதில்மா என்ற அழகி..." அடித்துவிட்டேன். எதில்மா நான்தான். எனக்கே கூச்சமாக இருந்தது.)

3
கில்தார்தோ போன மாதம் தன் கோவேறு கழுதையை விற்றான். மறுநாள் கயிறும் கையுமாக அதைத் தேடி அலைந்தான். "வாங்கினவன் ஒழுங்கா தீனி போடுறானான்னு பாக்கப் போயிருக்காரு" என்று ஊரையே நம்பவைத்துவிட்டாள் அவன் மனைவி நூபியா.

நான் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்றிக்கறி போட்ட பயறு சமைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் சித்தி, பெரியம்மா எல்லோரும் வந்து என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

4
டாக்டரம்மா நூபியாவிடம் கேட்டார்.

"எதில்மாவுக்கு எப்பம்மா ஆரம்பிச்சது?"

"போன கிறிஸ்துமஸ், மத்தியானச் சாப்பாட்டுல. பயறுல உப்பே இல்ல."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு என்ன? அவரு கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் இருந்தாரு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

"ஏன்டி நூபியா, கழுதை?" என்றேன்.

"எந்தக் கழுதை, அண்ணி?"

கில்தார்தோ சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் வீட்டு ஆண்களுக்கு நோய் ஆரம்பிப்பது மனைவி செத்த மறுநாள். பெண்களுக்கு, சாப்பாடு ருசிக்காத அன்று. இதில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை டாக்டரம்மாதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.)

5
இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள். அவனுக்கு உண்டு, எனக்கு இல்லை: அழுதுகொண்டே எழுதிக் கிழித்துப் போட்டேன். இருவருக்குமே இல்லை: படித்துப் பார்த்தால் சத்துமாவு விளம்பரம் மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்...

இதை முடிக்க என்னால் ஆகாது. தன் மறதி தொடங்கிய நாளை எங்கள் வம்சத்தில் யாரும் தானே சொன்னதில்லை. பக்கத்தில் இருக்கிறவர்தான் சொல்ல வேண்டும். கில்தார்தோவுக்கு, மறைப்பதற்காவது நூபியா இருக்கிறாள். எனக்கு யாரும் இல்லை. விசேஷ நாள் தவிர என் சமையலை நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். இந்த வரிகளில் எங்கேயாவது நான் தடுமாறியிருந்தால், அதைப் பார்த்திருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு ஆரம்பித்துவிட்டதா?