தம்பியைவிட ஒரு மார்க் கம்மி

"செருப்பக் கழட்டு" என்றாள் மாமியார்.

மருமகள் கழற்றவில்லை. ஹால் டிக்கெட்டும் பேனாவும் கையில் இருந்தன. அரசு வேலைக்கான தேர்வு எழுதுவதற்கு அவளுக்கு இந்த வருடத்தோடு வயது முடிகிறது. பெண் பார்க்க வந்த அன்று, "தாராளமா எழுதட்டும்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னவள்தான் இந்த மாமியார். தன் சின்ன மகனும் அதே தேர்வை எழுதப்போகிறான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கொழுந்தனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் மருமகள்தான். விகிதக் கணக்கு வந்தால் அவனுக்கு ஒரே வழிதான் தெரியும். பின்னத்தில் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி எது கண்ணில் பட்டாலும் சட்டென்று அடித்துவிடுவான்.

"கழித்தல்ல இருக்கறத அப்படி அடிக்கக் கூடாது தம்பி. மொதல்ல காரணியாப் பிரிங்க. பெருக்கல்ல பொதுவா நிக்கறதத்தான் அடிக்கலாம்."

"போங்க அண்ணி, எல்லாம் ஒண்ணுதான்" என்பான். அடிக்க வேண்டுமென்றால் ஒரு காரணி வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஏறாத பாடம். அவனுடைய அண்ணன் கைநீட்டுவதற்குக் காரணமே வேண்டியதில்லை.

போன வாரப் பயிற்சித் தேர்வில் அவள் கொழுந்தனைவிட அதிகம் வாங்கித் தொலைத்தாள். வந்த வினை அதுதான்.

"இவ பாஸாகி அவன் ஃபெயிலானா தெருவுல தல காட்ட முடியுமாடா?" என்று மாமியார் பெரிய மகனைக் கேட்டாள்.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே தீர்ப்புச் சொன்னான். "எழுதிட்டு வரட்டும்மா." பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு. தம்பிய விட ஒரு மார்க்காவது கம்மியா வாங்கணும். கூட வந்துச்சோ, அப்படியே உங்கப்பன் வீட்டுக்குப் போயிடணும். புரிஞ்சுதா?"

தன் பெருந்தன்மையில் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. "சரிங்க" என்றாள் அவள். அவன் வண்டியின் பின்னால் தம்பி ஏறிக்கொண்டான். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

தேர்வில் அந்தக் கணக்கு வந்தது.

x² − 9 : x² − 3x = 3 : 2 எனில், x = ?

மேலேயும் கீழேயும் x² இருந்தது. கொழுந்தன் அதைத்தான் அடிப்பான், இரண்டு என்று வரும். கொடுத்திருந்த விடைகளில் இரண்டு என்பதும் இருந்தது. கேள்வி தயாரித்தவர்களுக்கு அவனைப் போன்றவர்களை நன்றாகத் தெரியும்.

வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் அவளும் இரண்டுக்கான வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும், இன்னும் சில கேள்விகளையும் கோட்டை விட வேண்டும். தெரியாதவன் தப்பாகப் போடலாம். தெரிந்தவள் தெரிந்தே தப்பாகப் போட்டால்தான் ஒரு வீட்டில் இருக்க முடியும் என்றால், அது என்ன வீடு?

மேலே (x − 3)(x + 3), கீழே x(x − 3) என்று பிரித்தாள். பொதுவாக நின்ற x − 3 ஐ அடித்தாள். ஆறு வந்தது. அதையே கறுப்பாக்கினாள். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அவள் தயங்கவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "விகிதக் கணக்கு வந்துச்சும்மா! எக்ஸ் ஸ்கொயர ரெண்டு பக்கமும் அடிச்சேன், டக்குனு ரெண்டு வந்துச்சு. விடையிலயும் ரெண்டு இருந்துச்சு!"

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி போட்ட?"

"ஆறு, அத்தை."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அண்ணி! எனக்குச் சொல்லிக்குடுத்துட்டு நீங்களே கோட்ட விட்டுட்டீங்களே!"

"பரவால்ல, சொன்ன சொல்லக் காப்பாத்திட்டா" என்றான் கணவன்.

மாமியாரின் முகம் அப்படியே இளகிப்போனது. "பாவம், காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல. வாம்மா, வந்து உக்காரு."

வந்த நாளிலிருந்து எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி தின்றவளுக்கு அன்றுதான் மேசையில் இடம் கிடைத்தது. மாமியாரே தன் கையால் சோறு போட்டு, மேலே ஒரு முட்டையும் வைத்தாள். தோற்றவள்மேல் இந்த வீட்டுக்கு எவ்வளவு பாசம்!

தேர்வு முடிவு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். வந்த அன்று இங்கே என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் தட்டை நீட்டினாள்.

"இன்னொரு முட்டை வைங்க அத்தை."