ஹாஜர் குறைவு

அபயாம்பாளுக்கு விருது கிடைத்திருக்கிறது என்று முதல்வர் ஆள்விட்டுச் சொல்லியபோது, அவள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. மார்ச் மாத வெயிலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு உள்ளே வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனாள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் அந்த ஆண்டின் சிறந்த அலுவலர் அபயாம்பாள். சிறந்த மாணவி, பி.எஸ்ஸி. கடைசி வருஷத்துத் துளசிமணி. பல்கலைக்கழகத்தின் இரண்டு விருதுகளும் ஒரே கல்லூரிக்கு வந்திருப்பது இதுதான் முதல் தடவை என்று முதல்வர் சந்தோஷமாகச் சொன்னார். அவர் ஜனவரியில்தான் அங்கே மாற்றலாகி வந்தவர்.

"துளசிமணிக்காக நாம எழுதிப்போட்ட அபேட்சைக்கு பதில் வந்துதா சார்?" என்று அபயாம்பாள் கேட்டாள்.

வந்திருந்தது. ஹாஜர் குறைவு மன்னிக்கத்தக்க அளவுக்கு மேல் இருப்பதால் அந்த மாணவி ஏப்ரல் பரீட்சை எழுத முடியாது. நோயாயிருந்தால் மருத்துவச் சான்றின்மேல் பரிசீலிக்கலாம்; சேவைக்காக என்று விதியில் இல்லை.

"நான் என்ன செய்ய டீச்சர்? பழைய பிரின்சிபல் வாயால சம்மதிச்சிருக்கலாம். ஆபீசுல ஒண்ணும் இல்லையே" என்றார் முதல்வர். கெட்டவர் இல்லை. அவர் மேஜையிலும் கட்டுக்கட்டாகக் காகிதம் கிடந்தது.

*

அந்த நலப்பணிப் பொறுப்பு அபயாம்பாள் விரும்பி எடுத்துக்கொண்டதல்ல. வேறு யாரும் எடுக்காததால் அவள் தலையில் விழுந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு மண்வெட்டியும் கூடையுமாகப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவோம் என்று கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்த அவள் நினைத்ததே இல்லை. ஆனாலும் போன டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், சின்னக்கானலுக்குப் போனார்கள். ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கழிவுநீர் வாய்க்கால் வெட்டுவது வேலை. பிள்ளைகளுக்குக் கை கொப்பளித்தது. குளிரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு லயத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது.

கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்ல அங்கே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவும் காய்ச்சலில் விழுந்தாள். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒருவர். மூன்று தோட்டங்களுக்கும் அவர்தான். பஸ் ஏற நின்ற அபயாம்பாளிடம் அன்னாள் வந்தாள். லயத்தில் பிள்ளைகளுக்கு ஓய்ந்த நேரத்தில் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தவள் அவள்தான். இடுப்பில் அவளுடைய கடைசிக் குழந்தை துவண்டு கிடந்தது.

"டீச்சரம்மா, கொழுந்துக்குப் போவலேன்னா செக்ரோல்ல பேர் விழாது, கூலி கெடைக்காது. போனா பிள்ளையப் பாக்க ஆளில்ல. அந்த எலப்புள்ளிப் பொண்ண மட்டும் ரெண்டு நாளு விட்டுட்டுப் போங்களேன். அது கையில தண்ணி குடுத்தா பிள்ளைக குடிக்குதுக."

துளசிமணி ஏற்கெனவே தன் பெட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். "நான் இருந்துக்கறேனுங்க டீச்சர்" என்றாள். எலப்புள்ளியில் நிலக்கடலையும் நெல்லும் போடுகிற மாரப்பனின் மூத்த மகள். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள்.

அபயாம்பாள் அப்போதைய முதல்வரிடம் டிரங்க் காலில் கேட்டாள். பத்து நாள் இருக்கட்டும் என்றார் அவர். பத்து நாளில் நோய் அடுத்த லயத்துக்குப் பரவியது. துளசிமணி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள், உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள், துணிகளை அலசினாள். அன்னாளின் ஒற்றை அறையில், அடுப்புப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஆயா எழுந்து நடமாடும்வரை அவளால் கிளம்ப முடியவில்லை. மாசி பிறந்த பிறகுதான் பாலக்காடு வந்து சேர்ந்தாள், மெலிந்து, தலைமயிர் கொட்டி. அதற்குள் பழைய முதல்வர் மாற்றலாகிப் போயிருந்தார்.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அபயாம்பாள் காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் கணவர் சுந்தரராமன் காபி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

"அவார்டு வேண்டாம்னு எழுதிடட்டுமான்னா?"

"எழுதினா அந்தக் கொழந்தையப் பரீட்சைக்கு உட்கார விடுவாளா?"

"விடமாட்டா."

"அப்போ போய் வாங்கிண்டு வா. இல்லேன்னா அந்த மேடையில அவ ஒத்தையான்னா நிக்கணும்."

ஆனாலும் அபயாம்பாள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்கே பஸ் ஏறினாள். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பினார்கள். பரீட்சைப் பிரிவு அதிகாரி அவளை உட்காரச் சொல்லி, முகம் மலர்ந்து வாழ்த்தினார். விருதுக்கான பரிந்துரைகளைப் பரிசீலித்த கமிட்டியில் தானும் இருந்ததாகச் சொன்னார். துளசிமணியின் சேவையைப் படித்தபோது மனசு நெகிழ்ந்துவிட்டதாம். ஹாஜர் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது வேறு விஷயம், டீச்சர் என்றார். விதியைத் திருத்த வேண்டுமானால் செனட் கூடவேண்டும். ஒரு பெண்ணுக்காகச் செய்தால் நாளைக்கு நூறு பேர் வருவார்கள். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அபயாம்பாள் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

துளசிமணியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் அழவில்லை. "அடுத்த வருசம் எழுதிக்கறேனுங்க" என்றாள். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். அதை ஆமென்று அபயாம்பாள் எடுத்துக்கொண்டாள்.

*

விழா ஜூனில், பாலக்காட்டிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு வாடகை ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து பெரிய குடும்பமே இறங்கியது. சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக முன்னால் வந்தவர் மாரப்பன். அபயாம்பாளைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"ஏனுங்க டீச்சர், சௌக்கியமுங்களா? எல்லாம் நீங்க பண்ணுன புண்ணியமுங்க. இது எங்க மச்சானுங்க, அப்புசாமி."

அப்புசாமி குறுக்கே புகுந்தார். "எங்க பக்கத்துல பொண்ணுப் புள்ளைக டிகிரி வாங்குனதே இல்லீங்க டீச்சர். அதான் எல்லாத்தையும் கூட்டீட்டு வந்தோம்."

டிகிரி கொடுக்கிற விழா என்று நினைத்து வந்திருக்கிறார்கள் என்பது அபயாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாரப்பனுக்குப் பின்னால் நின்ற துளசிமணியைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்பதற்குள் வாலண்டியர்கள் வந்து இருவரையும் மேடைக்கு அழைத்துப்போனார்கள்.

பேச்சுகள் நீண்டன. நாட்டின் எதிர்காலம் கிராமங்களில் இருக்கிறது என்றார் ஒருவர். படித்தவர்கள் மக்களிடம் போகவேண்டும் என்றார் இன்னொருவர். பிறகு பாராட்டுரையை வாசித்தார்கள். "தன் படிப்பையும் பொருட்படுத்தாமல், மலைத்தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்குத் தாயாகி நின்ற..." என்று கணீரென்ற குரலில் வாசித்தவர் பரீட்சைப் பிரிவு அதிகாரிதான். துளசிமணிக்கு மாலை போட்டார்கள். சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். கூட்டத்தில் மாரப்பன் எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அபயாம்பாளுக்குப் போட்ட மாலையிலிருந்து ஈரம் கழுத்தில் வழிந்தது. கழற்றி வைக்கலாமா கூடாதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

விழா முடிந்ததும் உறவுக்காரர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். மாரப்பன் மட்டும் மகளோடு அபயாம்பாளிடம் வந்தார்.

"இந்தச் சர்ட்டிபிக்கேட்ட வெச்சு இனி வேலைக்கு எழுதிப் போடலாமுங்களா?"

மண்டபத்தின் பக்கவாட்டில் சமையல் விறகு அடுக்கிய ஒரு தாழ்வாரம் இருந்தது. அங்கே கூட்டிப்போய் அபயாம்பாள் சொன்னாள். மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல். இது டிகிரி இல்லை, துளசிமணி பரீட்சை எழுதவில்லை, எழுத விடவில்லை.

மாரப்பன் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்பதுபோல. பிறகு மகளிடம் திரும்பினார். "பரீட்சைன்னு தினமும் காத்தால பஸ்ஸேறிப் போனியே கண்ணு. எங்க போன?"

"கோட்டை மைதானத்துல உக்காந்திருந்தேனுங்கப்பா."

"வெயில்லயா?"

"மரமிருக்குதுங்க."

மழை தகரத்தில் கொட்டியது. மாரப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஹாஜர் பத்தலைன்னு பரீட்சை எழுத உடலை. செரி. ஹாஜர் ஏன் பத்தலை? அந்த மலைக்காட்டுல கெடந்ததுக்கு. பின்ன அங்க கெடந்ததுக்குன்னே கூப்புட்டு எதுக்குங்க டீச்சர் மாலை போடறாங்க?"

அபயாம்பாள் வாயைத் திறந்தாள். செனட், விதி, வேறு விஷயம் என்று அவளிடம் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. "தெரியலை" என்றாள். "நேக்குத் தெரியலை, மாரப்பன். நான்தான் அவள அங்க விட்டுட்டு வந்தேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க." அவர் குரலில் கோபம் இல்லை, கோபப்படத் தெம்பில்லாதவர்போல விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். பிறகு மகளைப் பார்த்து, "அந்தப் புள்ளைக பொழச்சுதுகளா?" என்று கேட்டார்.

அன்று மண்டபத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. துளசிமணி முதல் தடவையாக அழுதாள்.

"ரெண்டு போயிருச்சுங்கப்பா. ஒண்ணு என்ற மடியில. மிச்சமெல்லாம் பொழச்சிருச்சுங்க. அன்னாக்கா புள்ள இப்ப ஓடுதாம்."

"அப்பச் செரி" என்றார் மாரப்பன். எழுந்தார். "வந்தவீககிட்ட இதச் சொல்ல வேண்டாமுங்க டீச்சர். அவீக சந்தோசமா வந்திருக்கறாங்க. இந்த வருசம் மறுபடியும் காலேஜுக்குப் போகட்டும். கேட்டா, மேக்கொண்டு படிக்கறாள்னு நான் சொல்லிக்கறேன்."

*

அப்படியே நடந்தது. துளசிமணி கடைசி வருஷ வகுப்பில், தனக்கு இளையவர்களோடு, அதே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். எலப்புள்ளியில் அவள் எம்.எஸ்ஸி. படிப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் அப்புசாமி டவுனுக்கு வந்த வழியில் கல்லூரிக்கு வந்து, எம்.எஸ்ஸி. முடித்தால் டீச்சரைப்போல ஆகிவிடலாமா என்று அபயாம்பாளிடம் கேட்டார். ஆகலாம் என்று சொல்லிவிட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வருஷமும் நலப்பணிப் பொறுப்பை ஏற்க யாரும் முன்வரவில்லை. விருது வாங்கியவர் இருக்கும்போது வேறு யார் என்றார்கள். அவள் பிள்ளைகளை ஏலத்தோட்டங்கள் இருக்கும் சக்குபள்ளத்துக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது ஒருத்தர் விடாமல் எண்ணிப் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கேயும் ஒரு பெண் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள். அபயாம்பாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏலக்காட்டு நிழல் முடிவதற்குள் பிள்ளைகளை இன்னொரு தடவை எண்ணினாள்.

அடுத்த வருஷம் ரிசல்ட் வந்தது. துளசிமணி இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். செய்தியைச் சொல்ல அவள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது மத்தியானம்.

"ஊட்டுல சொல்லிக்க முடியாதுங்க டீச்சர். போன வருசமே கொண்டாடியாச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். மாமன் ஊரில் கிடாய் வெட்டியதும், பெயரெழுதி வாழ்த்து நோட்டீஸ் அடித்ததும் எல்லாம் அப்போதே முடிந்துவிட்டன. இப்போது அவள் தேறினாள் என்றால், அப்போது கொண்டாடியது எதற்கு என்று கேட்பார்கள்.

"அப்பாகிட்டயாவது சொல்லு."

"வந்திருக்கறாருங்க. கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. உள்ள வரமாட்டேங்கறாரு."

அபயாம்பாள் அவளோடு கேட்டுவரை நடந்தாள். மாரப்பன் வேலைக்குப் போகிற பழைய வேட்டியில், சாலையோரக் கலுங்கின் குட்டைச் சுவர்மேல் குந்தியிருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்தார்.

"நெசமாலுமே பாசுங்களா, டீச்சர்?"

"நெசமாத்தான். செகண்ட் கிளாஸ்."

"இதுக்கு மாலை கீலை உண்டுங்களா?"

"இல்லை. சர்ட்டிபிக்கேட்டு மட்டும் வரும்."

அவர் தலையசைத்தார். மறுபடியும் கலுங்கில் உட்கார்ந்துகொண்டார். துளசிமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூவரும் கொஞ்ச நேரம் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. மாரப்பன் கூப்பிய கையோடு ஏறினார். படியில் நின்ற துளசிமணி ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அபயாம்பாளுக்குக் கேட்கவில்லை. கையை மட்டும் அசைத்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு முதல் வருஷத்து வகுப்பு இருந்தது.