ராஜாங்கம் போகும் திசை

செத்துப்போன இருபத்தொன்றாம் நாள், அதாவது 2006ஆம் வருடம் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை ஏழு மணிக்கு, ரெட்டியார்பாளையம் ராஜாங்கம் முதல்முறையாகக் கடலுக்குப் போனார். உயிரோடு இருந்தவரை அவர் கடற்கரைப் பக்கம்கூடப் போனதில்லை. அங்கே உட்கார்ந்து சீட்டாட முடியாது, காற்று சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று காரணம் சொல்வார். கடலுக்குப் போன அன்று பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, முறுக்கிய மீசை எல்லாம் சகிதமாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் இருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் பாய்த்துணியின் விலை. அதே தெருவில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்த அருளானந்தத்துக்கு, நாற்பது வயதுக்குள் ஒரு தடவையாவது பாண்டிச்சேரியைக் கடலிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. முதன்முதலில் வந்திறங்கிய வெள்ளைக்காரன் பார்த்த மாதிரி பார்க்கணும் என்பான். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுக்கார முசே, பன்னிரண்டடி ஃபைபர் பாய்மரப் படகை ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்குத் தள்ளிவிட்டு விமானம் ஏறினார். பாயை எலி தின்றுவிட்டதை அவர் சொல்லவில்லை. மிக்சியைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசாத அருளானந்தம், படகைப் பிரித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். புதுப் பாய்க்குச் சென்னையில் சொன்ன விலையில் இன்னும் இரண்டு படகு வாங்கலாம். ஆகவே கயிற்றுக்குத் துணி காயப்போடும் நைலான், கப்பிக்குக் கிணற்று உருளை, சுக்கானுக்கு இடித்த வீட்டின் கதவுப் பலகை என்று ஒவ்வொன்றாகத் தேற்றியவன், பாய்க்குக் கண்ணீர் அஞ்சலி பேனரில் கண் வைத்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நம் பக்கத்தில் பதினாறு நாள்தான் மரியாதை. காரியம் முடிந்த மறுநாள் யார் முதலில் கயிற்றை அறுக்கிறாரோ அவருக்கே சொந்தம். ஆட்டுக் கொட்டகைக் கூரையாக, விறகுக்கு மூடாக்காக, செத்தவர்கள் பலர் இன்றும் ஊருக்கு உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அருளானந்தம் ஞாயிறு தவறாமல் அதிகாலைப் பூசைக்குப் போகிறவன் என்பதால் கேட்டுவிட்டே எடுத்தான். ராஜாங்கத்தின் மனைவி செல்வாம்பாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எடுத்துட்டுப் போ தம்பி. உயிரோட இருந்தப்பவே அவர வூட்ல வச்சிக்க முடியல” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ராஜாங்கம் ராத்திரி பதினோரு மணிக்கு முன்னால் வீடு வந்ததில்லை. மில் வேலை முடிந்தால் சாராயக் கடை, பிறகு சீட்டு, அதற்கும் பிறகு அரியாங்குப்பம் பாலத்தடியில் இட்லிக் கடை போட்டிருந்த அன்னக்கிளியின் ஈஸி சேர். அது ரகசியம் என்பதால் எல்லாருக்கும் தெரியும். தார்ப்பாய் தைக்கிறவர் பேனரை முக்கோணமாக வெட்டித் தந்தார். அடியில் மடித்துத் தைத்ததில் துயரில் வாடும் நண்பர்கள் பதினாலு பேரில் பதினோரு பேரின் முகம் மடிப்புக்குள் போய்விட்டது. அந்தப் பதினோரு பேரும் இன்றுவரை அருளானந்தத்திடம் மிக்சி கொடுப்பதில்லை.

வீராம்பட்டினத்து மீனவர் பலராமன், வீட்டு மிக்சியை இலவசமாகப் பார்த்துத் தரும் ஒப்பந்தத்தில் மணலில் இடம் கொடுத்தார். “காத்த நம்புறத எங்கப்பன் காலத்துலயே வுட்டுட்டோம். நீ இப்ப ஆரம்பிக்கிற” என்று சொல்லிக்கொண்டே படகைத் தள்ளியும் விட்டார். கரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடித்தது. இருநூறு அடி ஒழுங்காகப் போன படகு நின்றது. பாயிலிருந்த ராஜாங்கம் கழுத்தைத் திருப்பி மேற்கே பார்த்தார். படகும் திரும்பியது. எதிர்க்காற்றில் வயிற்றை உப்பிக்கொண்டு கரையோரமாகப் போய், முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றில் ஏறி, அரியாங்குப்பம் பாலத்தில் பாய்மரம் இடித்து நின்றபோது மணி எட்டேகால். கதவு தட்டுகிற மாதிரி பாலத்தை இடித்துக்கொண்டே இருந்தது. ராஜாங்கம் செத்த துஷ்டிக்கு வந்தபோது தெருமுனையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட அன்னக்கிளி, கடையிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். “காலைலயே வந்துட்டாரே” என்று சொல்லி, ஒரு தட்டில் நாலு இட்லி வைத்துப் படகில் ஏற்றினாள். சுக்கானைக் கட்டிப்பிடித்திருந்த அருளானந்தம் பசியில் அதைச் சாப்பிட்டான்.

செத்தும் சின்ன வீட்டுக்குத்தான் போகிறார் என்று ஊர் முடிவு கட்டியது. “பாலம் இடிச்சதால நின்னாரு. என் வூட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தாரு” என்றாள் செல்வாம்பாள். பாலத்தைத் தாண்டி ஆற்றோடு போனால் ரெட்டியார்பாளையத்துப் பக்கம்தான் என்பது உண்மையே. ஆனால் ஊர் சிரிக்க ஆரம்பித்தபின் பூகோளம் எடுபடாது. பாய்மரத்தைக் குட்டையாக்கிப் பார்க்கலாமே என்றார்கள். அதற்குப் பாயில் ராஜாங்கத்தின் தலையை வெட்டவேண்டும், அவள் சம்மதிக்கவில்லை. அவர் செத்தபோது அவள் பெரிதாக அழவில்லை. எந்த வீட்டுக்கு வருகிறார் என்று தெரியாமல் இப்போதுதான் அழுதாள். ரேஷன் கடை வரிசையில்கூட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஒன்றரை வருடம் எல்லா ஞாயிறும் இப்படியே போனது. அருளானந்தம் முகத்தின்மேல் பெயின்ட் அடித்தான், உப்புத்தண்ணீர் பட்டதும் உரிந்தது. பாயைத் திருப்பிக் கட்டினான், ராஜாங்கம் பின்பக்கம் வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு வாரமும் பாலத்தடியிலிருந்து வீராம்பட்டினத்துக்குப் படகை டெம்போவில் ஏற்றிவர வேண்டியிருந்தது. “பாய்மரம்னா டீசல் செலவே இல்லன்னீங்க. டெம்போவுக்கு யாரு ஊத்துறது?” என்று அவன் மனைவி ஆனந்தமேரி கேட்டாள். படகை விற்றுவிடச் சொன்னாள். ஒரு ஓட்டல்காரர் வாசலில் பூச்செடி வைக்கப் படகை வாங்கிக்கொள்வதாகவும், பாய் தேவைப்படாது என்றும் சொல்லியனுப்பினார்.

அது காதில் விழுந்ததும், 2008 பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, செல்வாம்பாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வீராம்பட்டினம் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

“நானும் ஏறுறேன்.”

“ஒனக்கு நீச்சல் தெரியுமாக்கா?” என்றான் அருளானந்தம்.

“ஒனக்குத் தெரியுமா?”

அவனுக்கும் தெரியாது.

“என்னத் தேடித்தான் வராருன்னா, நான் இதுல இருக்கறப்ப எங்கயும் போவ மாட்டாரு” என்றாள். “அவகிட்டதான்னா, போவட்டும். நானே எறங்கி இட்லி வாங்கித் தர்றேன். எனக்குத் தெரிஞ்சாவணும்.”

யாரோ செல்போனில் சொல்லி, பாலத்தில் கூட்டம் சேர்ந்தது. அன்னக்கிளியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். வீராம்பட்டினத்தில் வலை பிரித்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். படகு இருநூறு அடி போனது, வழக்கம்போல் நின்றது. ராஜாங்கம் கழுத்தைத் திருப்பி மேற்கே பார்த்தார். பலராமன் வாய்விட்டே ‘ஐயோ’ என்றார். செல்வாம்பாள் வாளியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் கழுத்து அங்கே நிற்கவில்லை. முகத்துவாரம் இருந்த பக்கத்தையும் தாண்டித் திரும்பி, அப்புறம் கீழே இறங்கி, பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நின்றது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியவர் மாதிரி பாய் தொய்ந்தது. பிறகு கரைக்காற்று அதில் சாதாரணமாகப் புகுந்தது. படகு ஊரில் உள்ள மற்றப் படகுகளைப் போலவே கிழக்கே போனது.

அருளானந்தம் பாண்டிச்சேரியைப் பார்த்தான். கலங்கரை விளக்கம், பழைய துறைமுகப் பாலம், வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, இருந்தாலும் அழுதான். செல்வாம்பாள் வாளியில் இரண்டு தடவை வாந்தியெடுத்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். “முப்பத்தொரு வருசத்துல ஒரு எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனதில்ல இந்த மனுசன்” என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிவரை பாலத்தில் நின்ற அன்னக்கிளி, மறுநாள் ஈஸி சேரைக் கடைக்கு வெளியே எடுத்துப் போட்டாள். இப்போது அதில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்கிறார்கள். ஓட்டல்காரர் பூச்செடிக்கு வேறு படகு பார்த்துக்கொண்டார். டெம்போ செலவு நின்றதால் ஆனந்தமேரியும் பேச்சை விட்டுவிட்டாள். செல்வாம்பாள் இல்லாமல் பாய் ஏற்றினால் படகு பாலத்தைப் போய் இடிக்கும் என்பதால், அவளுக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறுகளில் அருளானந்தம் பூசையோடு வீட்டில் இருந்துகொண்டான். வீராம்பட்டினத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காற்று எப்படி என்று கேட்பதற்குப் பதில், அக்கா வந்தாச்சா என்று கேட்பார்கள்.

2009 கடைசியில் வெயிலில் ஃப்ளெக்ஸ் வெளுத்து, பட்டுச் சட்டையும் சங்கிலியும் போய், மீசை மட்டும் மிச்சம் இருந்தது. புதிதாக ஒன்று அடித்து மாட்டிவிடலாமா என்று அருளானந்தம் கேட்டான். செல்வாம்பாள் பாயை அண்ணாந்து பார்த்தாள்.

“வேணாம் தம்பி. இப்பதான் வழிக்கு வந்திருக்காரு” என்று சொல்லிவிட்டு, வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.