ஆடு முதலில் ஏறியது

"ஆட்டை யாரும் கேக்கல அண்ணி. குதிரையை மட்டும்தான் கேட்டாங்க."

கொழுந்தன் இதைச் சொன்னபோது அவள் லாயத்தின் கதவில் சாய்ந்து நின்றாள். கணவன் இறந்தபிறகு எல்லாச் சொற்களும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலவே அவளுக்குக் கேட்டன. குதிரையை விற்கலாமா என்று கேட்டபோதும் தலையாட்டியிருந்தாள். குட்டியாக வந்த நாளிலிருந்து அதன் காலடியிலேயே கிடக்கும் ஆடு அப்போது யாருக்கும் நினைவில் வரவில்லை.

ஏற்றிப்போக வந்த லாரியின் சாய்பலகையில் குதிரை காலே வைக்கவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து ஓட்டுநர் ஓய்ந்துபோனார்.

"என்னங்க இது, புதுப்பொண்ணு மாதிரி அடம் பிடிக்குது?"

"ஆடு ஏறினாத்தான் அது ஏறும்," என்றாள் அவள். கேட்டார், சொன்னாள். அந்தப் பதில் எதற்குப் பயன்படும் என்று யோசிக்கவில்லை.

கொழுந்தன் ஆட்டை மேலே தள்ளினான். குதிரை பின்னாலேயே சாதுவாக ஏறிப்போய் அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டது. லாயத்தில் இரண்டும் தூங்குவது அப்படித்தான்.

"பலே ஜோடி!" ஓட்டுநர் சிரித்தார். "சரி, ஆட்டை இறக்குங்க. கதவைப் பூட்டணும்."

கொழுந்தன் காதைப் பிடித்து இழுக்க, ஆடு குதிரையின் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டது. குதிரை லாரியின் பக்கப்பலகையை ஓங்கி உதைத்தது. அவன் பதறிக் கீழே குதித்தான்.

அழுகை வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

"அண்ணி, உங்க குரலுக்குத்தான் ஆடு இறங்கி வரும். ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க அண்ணி."