பத்தொன்பது அவுன்ஸ்

இளையவனுக்கு வலது தோள் கழன்று விழுவதுபோல வலித்தது. முந்தின நாள் நாற்பத்திரண்டு கல் பலகைகளை லாரியில் ஏற்றியிருந்தான். சட்டைக்குள் கையை நுழைக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, படுத்தே கிடந்திருக்கலாம். ஆனால் அண்ணன் அதற்குள் குளித்துத் தலை சீவி, காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

அந்தக் காகிதத்துக்கு ஒன்பது வயது. கல் அறுக்கும் பட்டறையின் பழைய அளவுச்சீட்டு ஒன்றின் பின்பக்கம். அதில் அண்ணன் ஒரு கியூவை, பில்லியர்ட்ஸ் ஆடும் கோலை, வரைந்து வைத்திருந்தான். தண்டுக்கு மேப்பிள் மரம். முனை பதின்மூன்று மில்லிமீட்டர். கைப்பிடிக்குக் கறுப்பு மரம், அதன்மேல் ஒரு சுற்று தோல். எடை பத்தொன்பது அவுன்ஸ். கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவே, நகத்தளவு கனத்தில், கறுப்புக் கல்லில் ஒரு வளையம். அழித்து அழித்து எழுதியதில் சில இடங்களில் காகிதமே ஓட்டையாகியிருந்தது. ஒன்பது வருடமும் அவன் ஆடியது பில்லியர்ட்ஸ் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் பொதுக் கியூக்களில்தான். முனை உரிந்த, பத்துப் பேர் வியர்வை ஏறிய கியூக்கள்.

பட்டறையில் அண்ணனுக்கு ஒத்தக்கண்ணு என்று பெயர். ஊனம் ஒன்றுமில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கல்லின் விளிம்போடு பார்வையை ஓடவிட்டால் போதும், மயிரிழைக் கோணலையும் சொல்லிவிடுவான். இருபத்திரண்டு வருடம் அறுப்பு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றவன். அந்தத் தூசி இப்போது நெஞ்சுக்குள் படிந்து கிடந்தது. டாக்டர் இளையவனையும் அண்ணியையும் தனியே அழைத்து, மூன்று மாதம், மிஞ்சிப் போனால் நான்கு என்று சொல்லியிருந்தார். அண்ணனிடம் மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்ட அன்றுதான் இளையவன், "கியூ செஞ்சுடலாம்ணே, எவ்வளவு நாள்தான் படம் போட்டுக்கிட்டே இருப்ப" என்றான்.

முதலில் மரம் கடையும் கடைசல்காரரிடம் போனார்கள். நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடி என்று நிற்க நேரமில்லாமல் வேலை நடக்கும் பட்டறை. வாசலில் இரண்டு வேன்கள் காத்து நின்றன. கியூ செய்வது அவருக்குத் தனி ஆசை. வருடத்துக்கு நாலைந்துதான் எடுப்பார். உத்தரத்திலிருந்து மெலிந்த மரத்தண்டுகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தேதிச்சீட்டு.

"எட்டு மாசம் ஆகும்" என்றார்.

"ஒரு குச்சிக்கா?" என்றான் இளையவன்.

"குச்சி வேணும்னா எதிர்ல விறகுக்கடை இருக்கு தம்பி, இப்பவே கிடைக்கும். கொஞ்சம் சீவுவேன், தொங்கவிடுவேன். மரம் எந்தப் பக்கம் திரும்பணுமோ திரும்பிக்கும். ஒரு மாசம் கழிச்சு அந்தத் திருப்பத்தைச் சீவுவேன். மறுபடி தொங்கவிடுவேன். அது அடங்குற வரைக்கும் நான் அவசரப்பட முடியாது."

அண்ணன் தொங்கும் தண்டு ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு அடுத்ததை. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, வெயிலில் நடந்தவன் நிழலைக் கண்டதுபோல.

"இந்தக் கல் வளையம் மட்டும் வேண்டாம்" என்றார் கடைசல்காரர், காகிதத்தைப் பார்த்து. "மரம் மூச்சு விடும். கல்லு விடாது. ரெண்டையும் கட்டிப் போட்டா மரம்தான் நோகும்."

"கல்லு இல்லாம நான் இல்லீங்க" என்றான் அண்ணன். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்கவே நேரம் பிடித்தது. கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தார்.

இரண்டாவது ஆள் கடைத்தெருவில், கண்ணாடி வைத்த கடை. அவருக்கு வார்னிஷ்காரர் என்றுதான் பெயர். கியூக்கள் கல்யாணத்துக்கு நின்ற பெண்கள்போல மினுங்கின. காகிதத்தை முழுதாகக்கூடப் படிக்காமல், "ஆகட்டும் சார்" என்றார். கல் வளையமா, ஆகட்டும். தோலா, எந்தக் கலர் வேண்டும். எத்தனை நாள்? "மூணு வாரம். அவசரம்னா ரெண்டரை."

அண்ணன் அங்கே எதையும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். தோள்வலியில் இளையவன் தன் மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை அண்ணனுக்கு உட்கார வேண்டியிருந்தது.

"கடைசல்காரரு கை நல்ல கைடா" என்றான் அண்ணன். "எட்டு மாசம்தானே. வரட்டும்."

இளையவன் சாலையைப் பார்த்தான். "கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்ணே. கல் வளையமும் போட்டுத் தர்றேங்கிறாரு."

"ஒன்பது வருஷம் பொறுத்தாச்சு. இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. சும்மா... சீக்கிரம் கைக்கு வந்தா நல்லதுதானே."

சொல்லி முடித்தபோதே குரல் உடைந்ததை இளையவனே கேட்டான். அண்ணன் திரும்பினான். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணால் தம்பியை, கல்லின் விளிம்பைப் பார்ப்பதுபோலவே பார்த்தான். ஒரு பேருந்து வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அது இவர்கள் பேருந்துதான். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"சரி" என்றான் அண்ணன். "உன் இஷ்டம்."

டாக்டர் மறைத்ததும் அண்ணி மறைத்ததும் அந்த நிறுத்தத்திலேயே வெளியே வந்துவிட்டன. இளையவனுக்கு அது அப்போது புரியவில்லை. தோள்வலியில் மூளையும் மரத்துப் போயிருந்தது.

இளையவன் மோட்டார் சைக்கிளை விற்று வார்னிஷ்காரரிடம் பணம் கட்டினான். மூன்றே வாரத்தில் கியூ வந்தது. கறுப்புக் கைப்பிடி, தோல், கல் வளையம், எல்லாம் காகிதத்தில் இருந்தபடி. வளையத்தில் முகமே தெரிந்தது. அண்ணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் அழுக்காகிவிடுமோ என்று பயந்தவள்போல.

"வண்டி எங்கடா?" என்றான் அண்ணன்.

"சர்வீஸ்ல விட்டிருக்கேன்."

"ம்."

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் கூடத்தில் அண்ணன் ஆட்டத்துக்கு நடுவே கியூவை மேசையின்மேல் வைத்தான். அது லேசாக உருண்டது. உருளும்போது நடுத்தண்டு மேலும் கீழுமாக எழும்பி விழுந்தது.

"ஏய் ஒத்தக்கண்ணு, உன் குச்சி வாலாட்டுதுய்யா!" என்று கூடத்துக்காரர் கல்லாவிலிருந்து கத்தினார். "பிஸ்கட் போட்டியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"குச்சி நேராத்தான் இருக்கு" என்றான் அண்ணன். "உன் மேசைதான் கோணல். வாடகையைக் குறைச்சுக்க." சிரித்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். அண்ணன் கியூ முனையில் நீலச் சாக்கட்டியைத் தேய்த்தான். தூள் பறந்தது. "இந்தத் தூசியாவது கலரா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து அடித்தான். பந்து குழிக்கு இரண்டு விரற்கடை விலகிப் போயிற்று.

இளையவனுக்குக் காது சுட்டது. கியூவைக் கையில் எடுத்துப் பார்த்தான். வளையத்துக்கு மேல், வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற அளவுக்கு, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தன் கண்ணுக்கே தெரிகிற கோணல், அண்ணன் கண்ணுக்கு எத்தனை நாளாகத் தெரிந்திருக்கும்?

"அந்த ஆளைச் சும்மா விட மாட்டேன்" என்றான்.

"விடுடா. மழைக்கு மரம் அப்படித்தான்னு சொல்லுவான். அவன் சொல்றதும் பொய்யில்ல." அண்ணன் கியூவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "நீ வாங்கிக் குடுத்தது. எனக்கு இது போதும்."

மூன்று மாதம் ஆயிற்று. நான்காயிற்று. அண்ணன் இருந்தான். ஐந்திலும் ஆறிலும் இருந்தான். டாக்டர் வியப்பதைக்கூட நிறுத்திவிட்டார். வேலைக்குப் போவதில்லை. சுவரைப் பிடித்து நடந்தான். ஆனால் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தவறாமல், ஆஸ்பத்திரிக்கு என்று ஆட்டோவில் போய் வருவான். துணைக்கு யாரும் வரக்கூடாது. "நான் என்ன பச்சப் புள்ளையா?" என்பான் அண்ணியிடம்.

ஒன்பதாவது மாதம் முடிந்து ஆறாம் நாள் காலை, காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். அவ்வளவுதான். கோணல் கியூ கட்டிலடியில் கிடந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடைசல்காரரிடமிருந்து போன் வந்தது. "உங்க அண்ணன் வரலியே, சாமான் ரெடி" என்றார். இளையவன் செய்தியைச் சொன்னதும் அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது.

நடந்தே போனான். கடைசல்காரர் உத்தரத்திலிருந்து கியூவை அவிழ்த்து, மரச் சட்டத்தின்மேல் வைத்து, ஒரு விரலால் தள்ளிவிட்டார். அது சத்தமில்லாமல், தண்ணீர் ஓடுவதுபோல, கடைசி வரைக்கும் உருண்டு நின்றது. ஒரு சிறு துள்ளல் இல்லை.

"அண்ணன் எப்ப செய்யச் சொன்னாரு?" என்றான் இளையவன்.

"நீங்க வந்துட்டுப் போனதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. தம்பிக்கு நான் எட்டு மாசம் இருப்பேன்னு நம்பிக்கை இல்ல, நீங்க நம்புறீங்களான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு மரத்தைத்தாங்க தெரியும்னேன். அது போதும்னுட்டாரு."

கடைசல்காரர் மேசை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். அதே அளவுச்சீட்டு. பத்தொன்பது என்று இருந்ததை அண்ணன் அடித்துப் பதினெட்டரை என்று எழுதியிருந்தான். அதையும் அடித்துப் பதினெட்டு. பிறகு பதினேழு. ஒவ்வொரு எண்ணும் முந்தினதைவிடக் கோணலாக இருந்தது. கடைசியில் பதினாறரை.

"ஒவ்வொரு தடவை வர்றப்பவும் தூக்கிப் பாப்பாரு. கனமா இருக்கு, குறைங்கம்பாரு. எடைக்காக உள்ள வைக்கிற இரும்பைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். கடைசித் தடவை அவரால தூக்க முடியல, நான்தான் கையில பிடிச்சுக் குடுத்தேன்."

வளையத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில், 'கல் போதும்' என்று எழுதியிருந்தான்.

இளையவன் விரல் விட்டு எண்ணினான். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே இவரிடம் கொடுத்திருந்தால், எட்டாவது மாதம் வந்திருக்கும். அண்ணன் ஒன்பது முடிந்து ஆறு நாள் இருந்தான். ஒரு மாதமும் ஆறு நாளும் இது அண்ணன் கையில் இருந்திருக்கும். ஆட முடிந்திராது. மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பான். தம்பிதான் அண்ணனின் நாட்களை எண்ணினான். எண்ணியதிலும் தப்பு.

கியூவைத் தூக்கினான். மூட்டைக்கும் பலகைக்கும் பழகிய தோளுக்கு அது ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. கடைசல்காரர் ஒரு நாற்காலிக் காலை எடுத்து, சீவ வேண்டியதே இல்லாத இடத்தில் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எவ்வளவு குடுத்திருக்காரு?"

"பாதி. மோதிரத்தை வித்தேன்னாரு. மீதி பதினோரு வாரக் கூலி, உங்க பட்டறைக் கணக்குல. அதை விடுங்க. எடுத்துட்டுப் போங்க."

"இல்லீங்க. இங்கயே தொங்கட்டும். பாக்கியை முடிச்சுட்டு எடுத்துக்கறேன்."

அந்த வாரக் கூலி சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது. அதை மரச் சட்டத்தின்மேல் வைத்தான். பறக்காமலிருக்கக் கடைசல்காரர் அதன்மேல் ஓர் உளியை வைத்தார். கியூ பழைய இடத்துக்கே ஏறியது. நுனியில் ஒரு புதுச் சீட்டைக் கட்டி, அதில் பெயரோ தேதியோ இல்லாமல் இவ்வளவு மட்டும் எழுதினார்: பாக்கி, பத்து வாரக் கூலி.