கும்பாதிரி கொடுத்த பிஸ்டன்

பிஸ்டன் மாற்றிய மறுநாள் காலை, லெயோவிஹில்தோவின் மோட்டார் சைக்கிள் ஆளில்லாமல் ஹிபாரா கடற்கரைக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்தது. ஓல்கின் நகரத்தில் இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. கழற்றி மாட்டிய பாகம் பழைய வழியை மறக்காது என்பது ஊரறிந்த சங்கதி. ஆம்புலன்ஸின் கியர் பெட்டியைப் போட்ட கல்யாணக் கார், மணமக்களோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருக்கிறது. ரொட்டி வண்டியின் கார்புரேட்டரை வாங்கிய வாத்தியார் ஆறு வருடம் ஒவ்வொரு ரொட்டிக் கடையிலும் நின்று நின்றுதான் பள்ளிக்கூடம் போனார். அதனால் அங்கே உதிரி பாகம் வாங்குகிறவன் அளவைக் கேட்கும் முன், "யாருது? எங்கெல்லாம் போய்ட்டு இருந்துச்சு?" என்றுதான் கேட்பான்.

லெயோ கேட்கவில்லை. முப்பத்தைந்து வயதான செக் நாட்டு வண்டி அது. பிஸ்டனுக்காக ஏழு மாதம் நாயாய் அலைந்திருந்தார். மூன்று சக்கர வண்டியின் பிஸ்டனை அரத்தால் தேய்த்தும், தண்ணீர் பம்பினுடையதற்கு வளையம் மாற்றியும் பார்த்தாயிற்று. கடைசியில் கும்பாதிரி எலியேசர், அதாவது லெயோவின் மகள் நொயெமிக்கு ஞானத்தகப்பன், சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பானெஸ் ஊர்ல ஒரு செத்த வண்டியோடது, கும்பாதிரி. போட்டுக்கோ."

கும்பாதிரியிடம் போய் யாருடையது என்று கேட்பதா? முகத்தில் துப்பிய மாதிரி ஆகிவிடும். பிஸ்டன் ஒரு தேய்ப்புகூட இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. எலியேசரிடமும் அதே வகை வண்டி உண்டு என்பது அந்தச் சந்தோஷத்தில் லெயோவுக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரும் ஏறிக்கொண்டார். வண்டி மணல் பாதையில் இறங்கி, கரையோரத்து மரமொன்றின் அடியில் தானே அணைந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த, இருவரையும் தெரிந்த மீன்காரி சொராய்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"எலியேசர் வண்டிச் சத்தமாச்சேன்னு பாத்தேன். அவங்கதான் வெள்ளிக்கிழமையே படகுல கெளம்பிட்டாங்களே?"

"அவங்கன்னா?"

"அவரும் அவரு மச்சினனும். ரெண்டாவது எடம் ஒங்களுக்குத்தானாமே? கடல்னாலே ஒங்களுக்குத் தொடை நடுங்கும்னு சொல்லிட்டாரு."

பதினான்கு வருடம் முன் நொயெமி கடல் தாண்டித் தம்பாவுக்குப் போன அன்றே, போனால் கும்பாதிரிகள் இருவரும் ஒன்றாகப் போவது என்று சத்தியம் செய்தவர்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ரம் ஊற்றிப் புதுப்பித்த சத்தியம். கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான். லெயோ வண்டியை விட்டு இறங்கினார். மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். சொராய்தா பொரித்த மீன் கொடுத்தாள், தின்றார்.

மூன்று வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது.

"வண்டி ஓடுதா, கும்பாதிரி?"

"ஓடுது."

"நான் நொயெமி வீட்லதான் இருக்கேன். ஒன் பேரனுக்கு ரெண்டு வயசாச்சு. என்னையத்தான் தாத்தாங்கறான், போக்கிரி."

லெயோ போனை வைத்துவிட்டார். பிற்பாடு அந்த வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் பிஸ்டன்கள் இரண்டு தேடி வந்தன. ஒன்று பாதிரியாருடையது, கோயிலைத் தவிர எங்கும் போகாதது. இரண்டையும் வேண்டாமென்றார். மகள் இருக்கும் திசையில் அவ்வளவு தூரமாவது போகிற வண்டி ஊரில் அது ஒன்றுதான். தினமும் விடிந்ததும் எழுந்து அதற்குக் கதவைத் திறந்து விடுகிறார்.